இரட்டைப் பிள்ளைகளின் மூன்றாவது பிறந்தநாள்: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையின் தெற்குப் பக்கம், வீடுகள் நெருங்கி வளர்ந்துவிட்ட ஒரு நகர்ப் பகுதியில் இருக்கும் குடும்பம். அப்பா அரசு அலுவலகத்தில் எழுத்தர். அம்மா கல்லூரியில் பாடம் எடுக்கிறார். அப்பாவைப் பெற்ற தாத்தாவும் ஆச்சியும் கூடவே இருக்கிறார்கள். அம்மா வழித் தாத்தாவின் வீடு சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமத்தில். பிள்ளைகள் இருவர், ஒரே பிரசவத்தில் பிறந்த ஆணும் பெண்ணும். 2021 டிசம்பர் மூன்றாம் வாரத்தில் பிறந்தவர்கள். 2024 ஜூன் முதல் எங்கள் மழலையர் பள்ளிக்கு வருகிறார்கள்.

அந்த நவம்பரில் அம்மா பள்ளிக்கு வந்து, "டீச்சர், இந்த வருசமாவது பிறந்தநாளை ஒழுங்கா கொண்டாடணும். வீட்லயே வைக்கவா, மண்டபம் பார்க்கவா?" என்று கேட்டார். அதிலிருந்து, எல்லாம் முடிந்த பிறகு வீட்டாரோடு உட்கார்ந்து பேசியது வரை இங்கே பதிவாகிறது. குடும்பத்தார் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முந்தைய இரண்டு பிறந்தநாள்கள்

முதல் பிறந்தநாள் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். மேடையில் சோபா, பின்னால் பலூன் வளைவு, பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர். பையன் ஏழு மணிக்கே தூங்கிவிட்டான். தூங்கினவனை எழுப்பிக் கேக் வெட்ட வைத்தார்கள். பெண் ஸ்பீக்கர் சத்தத்தில் அழத் தொடங்கி, கடைசியில் மண்டபத்துக்கு வெளியே ஒரு காருக்குள் சித்தியின் மடியில் இருந்தாள். ஆல்பத்தில் இரண்டு பிள்ளைகளும் விழித்தபடி ஒன்றாக இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது பிறந்தநாளுக்கு வண்ணார்பேட்டைப் பக்கம், ஆற்றுக்குக் கிட்டத்தில், ஒரு சிறிய ஏசி ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. தாமிரபரணி கரை மீறி, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகம் வரை தண்ணீர் வந்தது. ஹாலுக்குள்ளும் தண்ணீர். பிறந்தநாள் அன்று வீட்டில் கரண்ட் இல்லை, பால் இல்லை. கேஸ் அடுப்பில் ரவை கிண்டிப் பிள்ளைகள் வாயில் இனிப்பு வைத்ததோடு முடிந்தது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது.

இந்த இரண்டு அனுபவமும் மூன்றாவது ஏற்பாட்டின் மேல் எதிரெதிராக அழுத்தின. போன வருடம் நடக்காமல் போனதற்கும் சேர்த்து இந்த வருடம் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பது தாத்தாவின் எண்ணம். மண்டபம் என்ற பேச்சே வேண்டாம் என்பது அம்மாவுடையது. அப்பா இரண்டுக்கும் நடுவில்.

வகுப்பில் கவனித்தவை

இடத்தைப் பற்றிப் பேசும் முன், பிள்ளைகளைப் பற்றி எங்கள் குறிப்பேட்டில் இருந்ததை அம்மாவிடம் எடுத்துச் சொன்னோம்.

பையன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவான். யார் புதிதாக வந்தாலும் கையைப் பிடித்துக்கொள்வான். பெண் வந்தவுடன் ஜன்னலோரம் போய் நிற்பாள். அரை மணி நேரம் கழித்து, யாரும் கூப்பிடாமல் தானாக வந்து விளையாட்டில் சேர்வாள். இழுத்துக்கொண்டு வந்தால் அன்று முழுக்கச் சேர மாட்டாள். சுதந்திர தினத்துக்கு மைக் சோதித்தபோது மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் கேட்கும் கேள்விக்கு அண்ணன் பதில் சொல்லிவிடுவது வழக்கம். நிமிடக் கணக்கில்தான் அவன் மூத்தவன், இருந்தாலும் வீட்டில் "அண்ணன்" என்றே பழக்கியிருந்தார்கள்.

பையனுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. ஒன்றரை வயதில் ஆம்லெட் தின்று உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப்போய், மருத்துவர் முட்டை சேர்ந்த எதையும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பெண்ணுக்கு அப்படி எதுவும் இல்லை.

இருவரும் மதியம் ஒரு மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்கள். ஒன்றரையைத் தாண்டினால் பையன் தரையில் விழுந்து அழுவான். பெண் வாயே திறக்க மாட்டாள்.

இன்னொரு சம்பவத்தையும் சொன்னோம், பிறகு எடுத்த முடிவுகளில் முக்கியமான ஒன்று அதிலிருந்து வந்ததால். அக்டோபரில் வகுப்பில் வேறொரு பிள்ளையின் பிறந்தநாள். அந்தப் பிள்ளை வாயைக் குவிப்பதற்குள் இவன் எட்டி மெழுகுவர்த்தியை ஊதிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், மறுபடி ஏற்றினோம். பிறகு பெண் என் பக்கம் வந்து, "எனக்குக் கேக்ல ஊத முடியாது, அண்ணன்தான் ஊதுவான்" என்றாள். புகாராகச் சொல்லவில்லை. சோறு தின்றேன் என்று சொல்கிற தொனியில் சொன்னாள். வீட்டில் அம்மாவின் பிறந்தநாள், அப்பாவின் பிறந்தநாள் எல்லாவற்றிலும் அவன்தான் ஊதியிருக்கிறான். அம்மா இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

யாரைக் கூப்பிடுவது

இடத்தை முடிவு செய்தது ஆள் கணக்குதான். அதனால் அந்தப் பேச்சுதான் வீட்டில் நீண்டது. தாத்தா கையில் ஒரு பட்டியல் இருந்தது, ஏறக்குறைய நூற்றெண்பது பேர். அவர் வாதம் இப்படி: "நாம போயி மொய் செஞ்ச வீடு, நமக்கு வந்து செஞ்ச வீடு எல்லாம் இதுல இருக்கு. விட்டுட்டா நாளைக்கு என்ன நினைப்பாவ? நம்ம வீட்டுப் படியேற மாட்டாவ."

இதை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடலாம். நகரத்து இளம் பெற்றோர் பலர் அப்படித்தான் தள்ளுகிறார்கள், பிறகு வருடக்கணக்கில் அதற்கு விலை கொடுக்கிறார்கள். தெக்கத்திப் பக்கம் செய்முறை என்பது ஒரு கணக்கு. மொய் நோட்டில் எழுதியது திரும்பப் போக வேண்டும், வந்தது நினைவில் நிற்க வேண்டும். ஒரு வீட்டை விசேசத்துக்குக் கூப்பிடாமல் விடுவது கணக்கை முறித்த மாதிரி. தாத்தாவின் கவலைக்கு இடம் கொடுக்காத எந்த ஏற்பாடும் அந்த வீட்டில் நிலைத்திருக்காது என்பது என் கணிப்பு.

வழி கண்டுபிடித்தது ஆச்சி. 2023 பங்குனி உத்திரத்தில் குலதெய்வமான சாஸ்தா கோவிலில் பிள்ளைகளுக்கு மொட்டை எடுத்து, தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தியிருந்தார்கள். தாய்மாமன் சீர், ஊர்ச் சாப்பாடு, மொய் எல்லாம் அன்றே நடந்துவிட்டது. "செய்முறை எல்லாம் காதுகுத்தோட முடிஞ்சாச்சு. இதுக்கு யாரும் மொய் எழுதப் போறதில்லை. எழுதாத விசேசத்துக்கு ஊரைக் கூட்டுனா, திருப்பி மொய்க்கு அடிபோடுதாவன்னுதான் சொல்லுவாவ" என்றார் அவர். தாத்தா இதை மறுக்கவில்லை. ஆனால் பட்டியலையும் கீழே வைக்கவில்லை.

அப்போது அப்பா ஒன்று சொன்னார்: பட்டியலில் உள்ள நெருங்கிய வீடுகளுக்குப் பிறந்தநாள் அன்றும் மறுநாளும் தாத்தாவும் தானும் நேரில் போய் அல்வா கொடுத்துவிட்டு வருவது. விருந்து தனி, மரியாதை தனி. அல்வாப் பொட்டலத்தோடு வீடு தேடி வரும் பெரியவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தாத்தாவுக்கு இது பிடித்துவிட்டது. பட்டியலில் எந்தெந்த வீடு என்று பிரிக்கும் பொறுப்பும் அவரிடமே விடப்பட்டது. அவர் பிரித்ததில் அறுபது வீடுகளுக்கு மேல் வந்தன. ஒரு மினி ஹால் வாடகையோடு ஒப்பிட்டால் அல்வாவுக்கு ஆன செலவு குறைவு. ஸ்கூட்டருக்குப் போட்ட பெட்ரோலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விருந்துக்கு யார் என்பதைப் பிள்ளைகள் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். இருவருக்கும் தோழர்கள் வேறு என்பதை அம்மா அப்போதுதான் முழுதாக உணர்ந்தார். பையனைக் கேட்டால் வகுப்பு முழுவதையும் சொல்வான், பேருந்து ஓட்டுநர் மாமாவையும் சேர்த்து. பெண் இரண்டே பெயர் சொன்னாள். அவனுக்கு நான்கு, அவளுக்கு அவள் சொன்ன இருவர், இரண்டு பக்கத்துச் சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள், அக்கம்பக்கத்தில் மூன்று வீடுகள். பெரியவர்களோடு சேர்த்து நாற்பதுக்குள் நின்றது.

எங்கே

சேரன்மகாதேவிப் பக்கத்து வீட்டில் அகலமான தார்சா, அதாவது முன்கூடம் உண்டு, பிள்ளைகள் ஓட முற்றம் உண்டு. ஆனால் புறவாசலைத் தாண்டினால் வாய்க்கால், டிசம்பரில் அதில் தண்ணீர் ஓடும். மூன்று வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் போதாது. மேலும் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் அவ்வளவு தூரம் வர வேண்டும். மாவட்ட அறிவியல் மையத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போகலாம் என்றார் அப்பா. அது ஏழெட்டு வயதில் செய்ய வேண்டியது. ஹாலைப் பொறுத்தவரை ஆள் குறைந்த பிறகு அதற்குத் தேவையே இல்லாமல் போனது.

மிஞ்சியது வீடுதான். மேட்டுப் பாங்கான பகுதி, 2023-இலேயே தெருவுக்குத் தண்ணீர் வராத இடம். வீட்டில் பெண்ணுக்குத் தெரிந்த மூலைகள் இருந்தன, அது எனக்குப் பெரிய காரணம். முதலில் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், பந்தல் போடுவதாகப் பேச்சு. 2024 டிசம்பர் 12, 13-இல் மறுபடி கனமழை பெய்து ஆற்றில் வெள்ளம் போனது. குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தண்ணீர் சூழ்ந்ததா என்று விசாரிப்பதுதான் எங்கள் ஊரில் வெள்ளத்துக்கு அளவுகோல். அந்த வாரம் எல்லாரும் விசாரித்தார்கள். பந்தல்காரரிடம் சொல்லித் தட்டட்டியை விட்டுவிட்டு, கார் நிறுத்தும் முகப்புக்கு மட்டும் தகரப் பந்தல் போடச் சொன்னார்கள். பெரியவர்கள் முகப்பில், பிள்ளைகள் ஹாலில், உள் அறை ஒன்று பூட்டாமல் காலியாக.

எப்போது

பிறந்தநாள் ஒரு வேலை நாளில் வந்தது. அன்று வீட்டில் பாயாசம், நெல்லையப்பர் கோவிலில் அர்ச்சனை. விருந்து அடுத்த ஞாயிறு, 22-ஆம் தேதி. ஊர் வழக்கப்படி மாலை ஆறரை மணி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். டிசம்பர் மழைக்காலம், மாலையில் மழை பிடித்துக்கொள்ளலாம். மாலையில் பிள்ளைகள் அலுத்திருப்பார்கள். காலைதான் சரி என்று நாங்கள் சொன்னதற்கு ஆச்சியிடமிருந்து எதிர்பாராத ஆதரவு: "ஞாயித்துக்கிழமை நாலரைக்கு மேல ராகுகாலம். பன்னெண்டு மணிக்கு எமகண்டம். அதுக்கு முன்னாடி கேக்கை வெட்டி முடிங்க."

பாளையங்கோட்டைக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமசுக்கு முந்தின ஞாயிறு காலை ஆராதனையைப் பொதுவாக விட மாட்டார்கள். அழைத்த வீடுகளில் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள். அதனால் பத்தரைக்குத் தொடக்கம், பதினொன்றேகாலுக்குக் கேக், பன்னிரண்டுக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பன்னிரண்டரைக்கு முடிவு என்று வைத்தார்கள். அழைப்பு வாட்ஸ்அப்பில் போனது. முடியும் நேரத்தையும் அதில் போட்டிருந்தார்கள். "எப்ப போகணும்னும் போட்டிருக்கியே" என்று ஒரு மாமா கிண்டல் செய்தாராம்.

கேக்கும் சாப்பாடும்

மூன்று கிலோ கேக் ஒன்று என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அரைக் கிலோவில் இரண்டு. இரண்டுமே முட்டை சேர்க்காதவை. பெண்ணுக்கு மட்டும் முட்டைக் கேக் வாங்கலாமே என்று ஒருவர் கேட்டார். ஒரே கத்தி, ஒரே தட்டு, ஒரே கைகள் புழங்கும் இடத்தில் அது நடக்காது. பேக்கரியில் கிறிஸ்துமஸ் ஆர்டர் நெருக்கடி. முட்டையில்லாத கேக்கை அதே பீட்டரில் அடிப்பார்களா என்று கேட்டதற்கு அவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. அம்மாவின் தோழி ஒருவர் வீட்டிலேயே தயிர் சேர்த்துச் செய்வார், அவரிடம் கொடுத்தார்கள். ஒன்றில் மாம்பழ நிறம், ஒன்றில் இளஞ்சிவப்பு, மேலே ஒவ்வொருவர் பெயர்.

சாப்பாட்டுக்குச் சொதி. மறுவீட்டுக்கு மாப்பிள்ளைக்கு வைக்கும் குழம்பைப் பிறந்தநாளுக்கு வைப்பதா என்று சித்தி சிரித்தார். ஆனால் பிள்ளைகள் கூட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இந்த ஊரில் இல்லை. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் காய்கறியும்தான் அதன் உடம்பு, காரம் மட்டு. முட்டைக்கு வேலையே இல்லை. மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய் வேக வேண்டும். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தேங்காய்ப்பால் நேரம் சென்றால் புளித்துவிடும் என்பதால் தேங்காய் துருவும் வேலையையே காலை எட்டு மணிக்குத்தான் தொடங்கினார்கள். கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல், கல்லிடைக்குறிச்சி அப்பளம். பிள்ளைகளுக்குத் தனியாகக் குட்டி இட்லி, இடியாப்பம், நறுக்கிய பழம். திராட்சையை முழுசாக வைக்காமல் நீளவாக்கில் நான்காகக் கீறி வைத்தார்கள். வேர்க்கடலை, பாப்கார்ன், கல் மிட்டாய் எதுவும் தட்டில் வரவில்லை. அந்த வயதில் இவையெல்லாம் தொண்டையில் அடைக்கக்கூடியவை.

அலங்காரம்

காகிதத் தோரணமும் மாவிலையும். பலூன் வேண்டாம் என்று முடிவு. கேஸ் பலூனில் இங்கே பெரும்பாலும் அடைப்பது ஹைட்ரஜன், மெழுகுவர்த்திப் பக்கம் போனால் தீயாக வெடிக்கும். சாதாரண பலூனும் உடைந்து, அந்தத் துண்டு பிள்ளை வாய்க்குப் போனால் மூச்சை அடைத்துவிடும். எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த அபாயம் உண்டு என்று பல பாக்கெட்டுகளில் எச்சரிக்கையே அச்சாகியிருக்கும். உடையும் சத்தத்துக்குப் பெண் பயப்படுவாள் என்பது மூன்றாவது காரணம். பனித்தூவல் ஸ்பிரேயும் வேண்டாம் என்றார்கள், அதுவும் தீப்பற்றும் வாயுவில் ஓடுவதுதான்.

விளையாட்டுக்குக் களிமண், தண்ணீர்த் தொட்டி, கோரைப்பாயில் கட்டைகள். சேரன்மகாதேவித் தாத்தா ஊரிலிருந்து பனையோலைக் காத்தாடிகள் முடைந்து கொண்டுவந்தார். திரும்பிப் போகும் பிள்ளைகளுக்குக் கையில் கொடுக்கவும் அதுவே ஆயிற்று.

அன்று நடந்தது

முதல் சிக்கல் முந்தின இரவே வந்தது. கிறிஸ்துமஸ் வாரம், தெருவில் கேரல் ரவுண்ட்ஸ். நள்ளிரவு தாண்டி டிரம்மும் கிடாருமாகப் பாட்டுக் குழு எதிர்வீட்டுக்கு வந்தது. பெண் அலறி எழுந்து, மறுபடி தூங்க இரண்டு மணி ஆனது. காலையில் கண் வீங்கி, யாரிடமும் பேசாமல் இருந்தாள். பட்டுப்பாவாடை குத்துகிறது என்று மறுத்துப் பழைய பருத்திக் கவுன் போட்டுக்கொண்டாள். ஆச்சிக்கு மனது கேட்கவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

பத்தரைக்கு இரண்டே குடும்பங்கள். மற்றவர்கள் வந்துசேரப் பதினொன்று தாண்டிவிட்டது. பையன் வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து உள்ளே கூட்டிவந்தான். பெண் உள் அறையில் சித்தியோடு இருந்தாள். "ஏன் வெளியே வரல? கூப்பிடுங்க புள்ளையை" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். "தானா வருவா" என்ற ஒரே பதிலை எல்லாரும் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவைத்திருந்தார்கள். பதினொன்றரைக்கு அவளுடைய தோழி ஒருத்தி களிமண் உருண்டையோடு அந்த அறைக்குள் போனாள். சற்றுப் பொறுத்து இருவரும் வெளியே வந்து கோரைப்பாயில் உட்கார்ந்தார்கள்.

பதினொன்றே முக்காலுக்குக் கேக். இரண்டு மேசைகள், ஹாலின் எதிரெதிர்ப் பக்கங்களில். முதலில் அவளுக்கு. அப்பா பையனைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் மேசைப் பக்கமே நின்றார். மைக் இல்லை, கைத்தட்டலும் மெதுவாக. அவள் மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தோளிலிருந்தே, "ஊது, அது உன்னோடது" என்று கத்தினான். ஊதினாள். மூன்று மெழுகுவர்த்தியில் இரண்டு அணைந்தது, மூன்றாவதை மறுபடி ஊதினாள். பிறகு "இன்னொரு தடவை ஏத்துங்க" என்றாள். ஏற்றினார்கள். பிறகு எல்லாரும் எதிர்ப்பக்கம் திரும்பி அவனுக்குப் பாடினார்கள். எமகண்டம் தொடங்கும் முன் எல்லாம் முடிந்துவிட்டதில் ஆச்சிக்குத் திருப்தி.

ஆராதனை முடித்து வந்த ஒரு குடும்பம் அன்போடு பிளம் கேக் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தது. யாரோ அதைத் திறந்து மேசையில் வைத்துவிட்டார்கள். பையன் ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டான். அன்று முழுவதும் அவன் வாயையும் கையையும் மட்டும் பார்த்துக்கொள்வதற்கென்றே அத்தை ஒருவரை வைத்திருந்தார்கள். அவருக்கு விருந்தில் வேறு வேலை தரவில்லை. துண்டு வாய்க்குப் போகும் முன் வாங்கி, பதிலுக்கு அவனுடைய கேக்கைக் கையில் கொடுத்து, டப்பாவை ஃபிரிட்ஜின் மேல் ஏற்றிவிட்டார். கொண்டுவந்தவர்களுக்குச் சங்கடம் வராதபடி பிறகு சொல்லப்பட்டது.

ஒப்பிடும் பேச்சை முழுதாகத் தடுக்க முடியவில்லை. "இவன் கெட்டியா இருக்கான், இவ நோஞ்சான். பால் குடிக்க மாட்டாளா?" என்று ஒரு பெரியம்மா பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார். மேடை இல்லாததால் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்துப் பார்க்கும் வாய்ப்புக் குறைந்தது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டியது. சொதிக்கு மறுசோறு கேட்பவர்களை எழுந்திருக்கச் சொல்ல முடியாது. ஒன்றேகாலுக்குப் பையன் ஹால் நடுவில் விழுந்து அழத் தொடங்கினான். அம்மா தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். பெண் அதற்கு முன்பே கோரைப்பாயில் தூங்கியிருந்தாள். விருந்தாளிகள் கடைசியாகப் புறப்பட்டபோது இரண்டு மணி இருக்கும்.

பின்விளைவு

பரிசுகளை வந்தவர்கள் முன் பிரிக்கவில்லை. வாசல் பக்கம் இரண்டு கூடைகள் பெயரோடு இருந்தன. "பரிசு வேண்டாம்" என்று அழைப்பில் போட்டிருந்தும் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. வரவும் மாட்டார்கள். பலர் இரண்டாகவே கொண்டுவந்தார்கள். ஒருவர் மட்டும் "ரெண்டு பேருக்கும் சேர்த்து" என்று ரிமோட் கார் ஒன்று கொடுத்தார். மாலையில் அதற்கு அடிதடி. பரண் மேல் போன கார் இன்னும் இறங்கவில்லை என்று கேள்வி.

அல்வா போன வீடுகளிலிருந்து வருத்தம் எதுவும் வரவில்லை. தாத்தா பல வருடம் போகாத இரண்டு வீடுகளுக்கும் அந்தச் சாக்கில் போய்வந்தார். ஒரே ஒரு பெரியப்பா, விருந்துக்கும் கூப்பிடாமல் அல்வாவும் வராமல் விட்டுப்போனவர், பொங்கல் வரை பேசவில்லை. அவர் பெயர் தாத்தாவின் பட்டியலிலேயே இல்லை, அதற்கு வேறு பழைய கதை.

வகுப்பில் ஜனவரியில் இன்னொரு பிள்ளையின் பிறந்தநாள் வந்தது. பையன் வழக்கம்போல மேசையை நோக்கி ஓடினான். பெண் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். அவளிடம் கேட்ட கேள்விக்கு இப்போதும் பெரும்பாலும் அவன்தான் பதில் சொல்கிறான். ஒரு விருந்து அதை மாற்றும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

அழைப்பில் வரும் நேரத்தைப் பத்து மணி என்று போட வேண்டும். நம் ஊரில் பத்தரை என்றால் பதினொன்று என்பது எல்லாருக்கும் தெரிந்தும் அட்டவணையில் அதற்கு இடம் விடவில்லை. பெரியவர்கள் பந்தியைப் பிள்ளைகள் சாப்பிடும் அதே நேரத்தில் முகப்பில் தொடங்கிவிட்டால் அரை மணி நேரம் மிஞ்சும். அதற்குப் பரிமாற இன்னும் இருவர் தேவை. வீட்டாரே பரிமாறியதால்தான் தாமதம்.

முட்டை விஷயத்தை அழைப்பிலேயே ஒரு வரியில் எழுத வேண்டும். "பையனுக்கு முட்டை ஆகாது, தின்பண்டம் எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். குடும்பத்தார் அதைச் சொல்லக் கூச்சப்பட்டார்கள். வெளித் தின்பண்டம் வந்தால் வாசலிலேயே வாங்கி அடுக்களைக்குக் கொண்டுபோக ஒருவர் வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அத்தை அன்று இருந்ததால் தப்பித்தது. அந்த ஏற்பாடு எத்தனை வயதானாலும் மாற வேண்டாம் என்பது என் கருத்து.

கேரல் குழுவிடம் தேதியைச் சொல்லி, அந்த ஒரு இரவு சின்னப் பிள்ளை வீட்டுப் பக்கம் முன்னதாக வந்து போகும்படி கேட்கலாம். அதே தெருக்காரர்கள்தான், கேட்டால் செய்வார்கள். அல்லது விருந்தைக் கிறிஸ்துமஸ் கழிந்த பின், அரையாண்டு விடுமுறைக்குள் ஒரு நாளுக்குத் தள்ளலாம். அம்மாவுக்கு இரண்டாவது யோசனையே பிடித்திருக்கிறது. மழையும் அதற்குள் சற்று ஓயும்.

நான்காவது பிறந்தநாளுக்கு இருவருக்கும் தனித்தனி நாளில் தோழர்களைக் கூப்பிடலாமா என்று அப்பா கேட்டிருக்கிறார். ஒருவனுக்கு நடக்கும்போது மற்றவள் என்ன செய்வாள் என்பதற்கு இப்போதைக்கு விடை இல்லை. பிள்ளைகளிடம் கேட்டபோது அவன் வேண்டாம் என்றான், அவள் சரி என்றாள். அக்டோபரில் மறுபடி கேட்டுவிட்டு முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.